மூலையைத் தாண்டிய கோடு

நாலு நாளாக ஒரு தகடு வளவுத் தூணில் சாய்ந்து கிடக்கிறது. 1.6 மில்லி அலுமினியம். விமானத்தின் கருவிப் பலகை ஆகியிருக்க வேண்டியது. நடுவில் ரேடியோ நுழைய ஒரு செவ்வகத் திறப்பு. தள்ளி நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், நான்கு மூலையிலும் வெட்டுக்கோடு மூலையோடு நிற்காமல் மூன்று நான்கு மில்லி தாண்டி ஓடியிருக்கிறது.

கிரைண்டரில் வெட்டினால் அப்படித்தான் ஆகும். டிஸ்க் வட்டம். தகட்டின் அடிப்பக்கம் மூலையைத் தொடுவதற்குள் மேல்பக்கம் தாண்டிப் போயிருக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் மூன்று வருஷமாக இரண்டு பேர் உட்காரும் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் 701. வரைபடத்தைப் பார்த்துத் தகட்டைக் கையால் வெட்டி, மடித்து, ரிவெட் அடிப்பது. பறக்குமா, பறக்க விடுவார்களா என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், அது தனிக் கதை. ஒரு வசதி மட்டும் சொல்லிக்கொள்ளலாம். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வழியாக அடுத்த தெரு தெரிகிற வீடு. இறக்கையை வெளியே எடுக்கக் கதவை உடைக்க வேண்டியதில்லை. பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய அப்பச்சியோட ஐயா இதை யோசித்திருக்க மாட்டார்.

சரி, தகட்டுக்கு வருகிறேன். அந்த வாரம் எனக்குக் கையில் சுளுக்கு. பலகையை மட்டும் வெளியில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். எந்த ஊர், எந்தப் பட்டறை என்பது வேண்டாம். "தகரம்தானேண்ணே, அரை மணி நேர வேலை" என்றார் தம்பி. அரை மணி நேரத்தில் முடித்தும் கொடுத்தார். மூலையைக் காட்டினேன். "ரேடியோ பிரேம் மறைச்சுடும்ணே, யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குக் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. அவர் கிரில் கேட்டும் தண்ணீர்த் தொட்டி மூடியும் செய்கிறவர், அந்த வேலையில் அது குறையே இல்லை. தகட்டில் ஓட்டை போடுவதென்றால் வேண்டாத பகுதியை எடுத்துவிடுவது, அத்தோடு முடிந்தது என்று நாம் எல்லோருமே நினைக்கிறோமே, சண்டை அந்த நினைப்போடுதான். எடுத்தது போனது போகட்டும், மீதி நிற்கிற விளிம்பு என்ன ஆனது?

1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. அகலமான தகட்டில் சுத்தமான வட்டத் துளை ஒன்று போட்டு, தகட்டை இரண்டு பக்கமும் இழுத்தால், துளையின் ஓரத்தில் எதிரெதிரே இரண்டு இடத்தில் இழுவிசை மற்ற இடத்தைப்போல் மூன்று மடங்கு ஏறும். துளை சின்னதா பெரிதா என்பது கணக்கிலேயே இல்லை. துளைக்குள் போக முடியாத விசை அதைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் நெருக்கியடித்துப் போகிறது. 1913-இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் அதையே நீள்வட்டத் துளைக்குப் போட்டார். துளை இழுவைக்குக் குறுக்கே நீண்டு, நுனி கூராகக் கூராக அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும். கிரைண்டர் மூலையைத் தாண்டிப் போட்ட கீறல் கிட்டத்தட்ட அதே கூர்நுனிதான். ஒழுங்கான வட்டத்துக்கே மூன்று மடங்கு என்றால், அதன் ஓரத்தில் விட்டுவைத்த ஒரு பிசிறு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

கருவிப் பலகை இறக்கையைப்போல் சுமை தாங்கும் பாகமா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைதான். ஆனால் எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அது அதிரும். ஒரே இழுப்பில் அறாத கம்பியை முன்னும் பின்னும் பத்துத் தரம் மடக்கினால் அறுந்துவிடுகிறதே, அந்தச் சங்கதி. கீறலின் நுனியில் ஒரு துளை போட்டுவிட்டால் விரிசல் நின்றுவிடும் என்றும் அவரே சொன்னார். அதுவும் சரி, பழுது பார்க்கிறவர்கள் செய்கிற வேலைதான். புதுப் பலகையையே பழுதுபார்ப்பில் தொடங்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த இடத்தில் யாராவது காமெட் விமானத்தின் 'சதுர ஜன்னல்' கதையை எடுத்துவிடுவார்கள். அதை அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. 1952-இல் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய முதல் ஜெட் அது. 1954 ஜனவரியில் ஒன்று எல்பா தீவுப் பக்கம் கடலில் விழுந்தது, 35 பேர். ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கம், 21 பேர். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அதற்கு முன் பறந்ததையும் சேர்த்து 3,057 தடவை ஆனபோது திறப்பு ஒன்றின் மூலையில் உடம்பு கிழிந்தது. அந்த ஜன்னல்களின் மூலை கத்திமாதிரி கூராக இல்லை, வளைந்துதான் இருந்தது. அந்த வளைவு போதவில்லை. எல்பா பக்கம் கடலிலிருந்து எடுத்த துண்டுகளில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகள் எட்டிப் பார்க்கிற ஜன்னலே இல்லை. கூரையில் ஆண்டெனாவுக்காக விட்ட திறப்பின் மூலை, அங்கே ஒரு ரிவெட் துளை ஓரம். அங்கேயும் ஒரு பிரேம் மறைத்துக்கொண்டுதானே இருந்திருக்கும்?

இப்போது புதுத் தகட்டில் நானே வெட்டுகிறேன். இதோடு மூன்று சாயங்காலம் போயிற்று.

செவ்வகத்துக்கு முதலில் நான்கு மூலையிலும், கோட்டுக்கு உள்ளே, 6 மில்லி துளை. மூலையின் வளைவு அங்கேயே உறுதியாகிவிடும். நம்மூர் ஆசாரி பலகையில் சாவித் துவாரம் எடுக்கும்போது வாளை இறக்குவதற்கு முன்னால் துளை போட்டுக்கொள்வாரே, அதே முறை. அப்புறம் பொடிப்பல் பிளேடு போட்ட ஜிக்சாவில், கோட்டுக்கு ஒரு மில்லி உள்ளேயே ஓட்டம். மீதி அந்த ஒரு மில்லியை அரம்தான் எடுக்கும். அலுமினியம் அரத்தின் பல்லில் போய் அப்பிக்கொள்ளும். சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு ராவினால் அப்பாது. கடைசியில் உப்புத்தாள், விளிம்பு ஓடுகிற திசையிலேயே. குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் ஒரு குட்டிக் கீறல்.

மீட்டர்கள் உட்கார வட்டத் துளை, 79.4 மில்லி. பழைய அங்குலக் கணக்கில் மூன்றேகாலுக்கு அரைக்கால் குறைவு. இதற்கு ஃப்ளை கட்டர். நடுவில் ஒரு டிரில், அதிலிருந்து ஒரு கை, கையின் முனையில் ஒரே ஒரு வெட்டுப் பல். பார்க்கவே பயமாக இருக்கும், பயப்படுவதுதான் நல்லது. சுற்றும்போது அந்தக் கை கண்ணுக்குத் தெரியாது. கை டிரில்லில் மாட்டவே கூடாது. ஸ்டாண்ட் டிரில்லில், இருக்கிறதிலேயே குறைந்த வேகத்தில், தகட்டுக்கு அடியில் பிளைவுட் வைத்து நான்கு பக்கமும் கிளாம்ப் போட்டு, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இறக்க வேண்டும். பாதி ஆழம் போனதும் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து மீதி. இரண்டு பக்கமும் பிசிறு குறையும். முதலில் கழிவுத் துண்டில் ஒன்று வெட்டி, மீட்டரையே அதில் நுழைத்துப் பார்த்துவிடுவேன். ஸ்கேலை நம்பி ஒரு தடவை ஏமாந்ததுண்டு.

"எல்லாத்தையும் லேசரில் அடிச்சு வாங்கலாமே" என்பவர்களுக்கு: வாங்கலாம். விளிம்பில் உருகி உறைந்த ஒரு மெல்லிய தோல் இருக்கும், அதையும் அரம்தான் எடுக்க வேண்டும்.

கோடு போடுவதற்கும் ஒரு வார்த்தை. பென்சில் கூடாது. பென்சில் கரி அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்து ஈரமும் பட்டால், கோடு போட்ட இடத்திலேயே அலுமினியம் அரிக்கும். இரும்பு வெட்டிய டிஸ்க்கை அலுமினியத்தில் வைத்தாலும் இரும்புத் துகள் பதிந்து இதே தொல்லை. மெல்லிய முனை மார்க்கர்தான். அரிப்பையும் ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் முதல் வருஷம் முழுக்கப் பென்சிலில் கோடு போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிக்ரிக்கு நிலமும் பணமும் கொடுத்த அழகப்பச் செட்டியார் லண்டன் பக்கம் கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்று பைலட் சான்றிதழ் வாங்கியவர். செட்டிநாட்டுக்காரனுக்கு எதற்கு விமானம் என்று கேட்கிறவர்களிடம் அவரைத்தான் காட்டுவேன்.

நேற்று ஆறாவது வட்டமும் முடிந்தது. ஆத்தங்குடிக் கல் தரை முழுக்க அலுமினியச் சீவல், வெற்றிலைக்குப் போடுகிற சீவல் இல்லை. பெருக்கிக்கொண்டிருந்தபோது ஆத்தா வந்து, வெட்டி விழுந்த வட்டத் தகடுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தது. நடுவில் டிரில் போன சின்ன ஓட்டை. "பால் செம்புக்கு மூடி ஆகும். ஆவி போக ஓட்டையும் நீயே போட்டிருக்கே." நான் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆத்தா விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டியது.

"கையக் கிழிக்குதப்பா. அங்கன உன் பலகைக்குத் தேய்க்கிற மாதிரி இதுக்கும் தேய்ச்சுக் குடு."

ஆறு மூடிக்கும் பிசிறு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.