பஸ் போன பிறகு தொடங்கும் பயிற்சி வகுப்புகள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் எங்கள் நீலகிரி மலையில் பேனர்களுக்கும் சீசன் தொடங்கிவிடும். ‘இளைஞர் திறன் மேம்பாட்டு முகாம்’, ‘வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சி’, ‘ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கம்’ என்று விதவிதமான பெயர்கள். பிள்ளைகளுக்கு ஒரு தொப்பி, ஒரு ஃபைல், மதியம் தக்காளி சாதம், மாலையில் சான்றிதழ். விருந்தினர்களுக்குச் சால்வை. மறுநாள் பத்திரிகையில் புகைப்படம் வந்துவிடும். ஒரு வாரம் கழித்து, அந்தப் பிள்ளைகளில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட அந்த அமைப்பில் யாராவது இருப்பார்களா? இருக்க மாட்டார்கள்.

இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பள்ளிப் பருவத்திலேயே வேலைக்கான ஆயத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். எங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதில்லை. இரண்டு புலம்பலையும் ஒரே டீக்கடையில் கேட்கலாம். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியதுதான் பயிற்சி. அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கையில் நடக்கிறது என்பதில்தான் எல்லாமே கெட்டுப் போகிறது.

முதலில் நேரத்தைப் பேசுவோம். பள்ளி விட நான்கேகால் ஆகிவிடுகிறது. பயிற்சி ஐந்து மணிக்கு, அதுவும் டவுனில். எங்கள் ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, போகும் பஸ்ஸும் அதே ஐந்து மணிக்குத்தான் புறப்படுகிறது. அடுத்த பஸ் இரவு எட்டு மணிக்கு, அதுவும் வந்தால் உண்டு. மெயின் ரோட்டில் இறங்கித் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்தில் கரடி வந்தது என்பது செய்தியே இல்லை, வராத வாரம்தான் செய்தி. காட்டெருமை பாதையில் நின்றால் அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டியதுதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. பிளஸ் ஒன் படிக்கும் மகளை எந்தத் தாய் அனுப்புவாள்? அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பயிற்சியின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: ‘கிராமப்புற மாணவிகளிடையே ஆர்வம் குறைவு.’ எழுதியவரை ஒரு நாள் எங்கள் வழியில் இரவு எட்டரைக்கு நடந்து வரச் சொல்ல வேண்டும். அவருடைய ஆர்வத்தையும் அளந்து பார்த்துவிடலாம்.

சமவெளியில் 2021இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் மலைக்கு 2024இல்தான் ஏறி வந்தது. வந்தது பெரிய விஷயம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் டிக்கெட் இலவசம் என்பதற்காக, இல்லாத பஸ்ஸில் ஏற முடியாது. மலையில் மாணவர்களுக்கான எந்தத் திட்டத்தையும் பஸ் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். அரசு நடத்தினாலும் சரி, அறக்கட்டளை நடத்தினாலும் சரி.

அடுத்து, அங்கே சொல்லிக் கொடுப்பது என்ன? சென்ற ஆண்டு ஒரு முகாமில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகவே பேசினார். கனவு காணுங்கள் என்றார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுங்கள் என்றார். பெங்களூரில் என்ன சம்பளம், கனடாவில் என்ன சம்பளம் என்றெல்லாம் சொன்னார். குன்னூர் என்ற பெயர் அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. மலையில் என்ன வேலை இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டதற்கு, “தேயிலை, டூரிசம்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

தேயிலை என்பது ஒரே வேலையா? பச்சை இலை எடை போடும் இடத்தில் தொடங்கினால், வாட்டும் தொட்டி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரம், புளிக்க வைக்கும் இடம், டிரையர், பாய்லர், சல்லடை, தரம் பிரித்தல், சுவை பார்த்தல், கணக்கு, லாரி, குன்னூர் ஏலம் என்று ஒரு இலை எத்தனை கைகளைத் தாண்டிப் போகிறது. சி.டி.சி. ரோலரின் பல் மழுங்கினால் கழற்றிக் கூர்தீட்ட வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவரை எந்தத் தொழிற்சாலையும் எளிதில் விடாது. தேயிலையை விடுங்கள். குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையம் 1907இல் தொடங்கியது. தடுப்பூசி தயாரிக்கும் இடம். ஊட்டியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவமனை என்றால் டாக்டர், நர்ஸ் மட்டுமா, ஆய்வகத்தில், எக்ஸ்ரே அறையில், டயாலிசிஸ் பிரிவில் எத்தனை பேர் வேண்டும்? முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் கடந்து போகும் வாயில்கள் இவை. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள்கூட அழைத்துப் போய்க் காட்டாமல் கனவு காணச் சொன்னால் எதைக் காண்பார்கள்?

ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமை காலைகளில் ஒரு சிறு முயற்சி செய்து வருகிறோம். அமைப்பும் இல்லை, பெயரும் இல்லை. ஊர்ப்புற நூலகத்தின் வெளித் திண்ணைதான் இடம். தொழிற்சாலையில் ஓடும் எந்திரத்துக்குப் பக்கத்தில் 18 வயது நிரம்பாதவர்களை விடுவதில்லை, விடவும் கூடாது. அதனால் நான் இரண்டு அரை எச்.பி. மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்று நல்லது, மற்றொன்றில் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், தேய்ந்தது. ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங் இருக்கும் மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்க வேண்டும். பட்டறைகளில் காலம் காலமாக இருக்கும் பழக்கம்தான் இது. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னார், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, “அண்ணா, இது மணலை மெல்லுகிற மாதிரி இருக்கிறது” என்றான். பேரிங்கைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தேன். விரலால் சுற்றிப் பார்த்தவன், மற்றவர்களுக்கு அவனே விளக்க ஆரம்பித்துவிட்டான். அந்தப் பையனுக்கு ஆளுமை வளர்ச்சி வகுப்பு யாரும் எடுக்கவில்லை. சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைத்தது, பேசினான்.

இன்னொரு சனிக்கிழமை கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா, பச்சைத் தேயிலை எடைச் சீட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து தன் அம்மாவின் சீட்டைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று மூட்டை: 34, 31, 29. கூட்டினால் 94 கிலோ. சீட்டில் இருந்தது 82. மூட்டைக்கு நான்கு கிலோ கழிவு. சாக்கின் எடை ஒரு கிலோகூட வராது, மீதி இலையில் இருக்கும் ஈரத்துக்கு என்பது வழக்கம். மழை நாளில் கழிப்பது நியாயம்தான். அந்தப் பெண் தேதியைப் பார்த்தாள். “அன்று மழையே இல்லையே அக்கா?” மறுநாள் இலை வாங்கும் ஏஜென்டிடமும் அதையே கேட்டிருக்கிறாள். “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்றாராம். ஆனாலும் அன்றைய சீட்டில் கழிவு இரண்டு கிலோவாக இறங்கியிருந்தது. வேலைக்கான ஆயத்தம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நாளை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவள் சம்பளச் சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள்.

காகித வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இல்லவே இல்லை. சேர்க்கைக்கான கடைசி நாளில் இதைக் கண்டுபிடித்து இ-சேவை மையத்தில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். சால்வை போர்த்தும் வேலை இல்லை என்பதால் இதற்கு யாரும் முகாம் நடத்துவதில்லை.

அரசுத் திட்டங்களைக் குறை சொல்லவில்லை. 2022 மார்ச்சில் மாணவர்களின் திறன் மேம்பாட்டுக்கான ‘நான் முதல்வன்’ வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கும் சேராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024இலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் இந்தப் பணம் உண்டு. இருந்தும் ‘ஐ.டி.ஐ.யா?’ என்று முகம் சுளிக்கும் பெற்றோர் எங்கள் ஊரில் நிறைய. அதற்குப் பெற்றோரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பிளஸ் டூ வந்த 1978இலேயே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதை மதிப்பெண் வராதவர்களை ஒதுக்கும் மூலையாக ஆக்கிவிட்டோம். பல பள்ளிகளில் அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவும் கூடவே ஓய்வு பெற்றது. முதல் மதிப்பெண் வாங்குகிறவளும் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்குள் ஒளிந்துகொண்டு வரும் ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே சீசனில் ‘பயிற்சி’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளைத் தட்டு கழுவவும் அறை கூட்டவும் வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. சம்பளம் கேட்டால் அனுபவம் என்பார்கள். 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. மற்ற இடங்களிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. பயிற்சி என்றால் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முடியும் தேதி இருக்க வேண்டும், வேலை வாங்கினால் கூலி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் எந்த அமைப்பும் ஆள்பிடிக்கும் தரகு வேலைதான் செய்கிறது.

“அப்படியானால் மலைப் பிள்ளைகள் மலையிலேயே ஃபிட்டராகவும் சர்வராகவும் கிடக்க வேண்டுமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தின் கனவு வேலை. பெண் கொடுப்பவர்கள்கூட அங்கே வேலையா என்றுதான் முதலில் கேட்டார்கள். டிஜிட்டல் வந்தது, பிலிம் சுருளுக்கு இருந்த தேவை சரிந்துவிட்டது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. எந்த வேலை நிலைக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அங்கிருந்து வெளியே வந்தவர்களில், கையில் தொழில் இருந்தவர்களுக்கும் வெறும் பதவி மட்டும் இருந்தவர்களுக்கும் அடுத்த பத்தாண்டுகள் எப்படிப் போயின என்று எங்கள் ஊர்களில் எல்லோரும் பார்த்தோம். போகிறவர்கள் போகட்டும், திருப்பூருக்கோ டொராண்டோவுக்கோ. எதுவும் தெரியாமல், வேறு வழியில்லாமல் மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஒருநாள் முகாமுக்கு ஒதுக்கும் பணத்தில் மேடை, ஒலிபெருக்கி, சாப்பாடு, விருந்தினர் கார் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, உள்ளூரில் தொழில் தெரிந்த நான்கு பேருக்கு ஓராண்டுக்கு மாதச் சன்மானம் கொடுங்கள். இலவசச் சேவை என்றால் மூன்றாவது மாதம் ஆள் வர மாட்டார். எங்களுக்கும் சனிக்கிழமை கூலி போகிறதே. டவுனில் வேண்டாம், மூன்று நான்கு ஹட்டிக்கு ஒரு இடம். மாலையில் வேண்டாம், சனிக்கிழமை காலை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் பத்து மணிக்குத் தொடங்குங்கள். ஆண்டு முழுவதும் அதே பிள்ளைகள், அதே ஆட்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. எங்கள் பள்ளியின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் வைக்கப் போகிறோம். ஒன்று, ஐந்து மணி பஸ்ஸை ஐந்தரைக்கு மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தீர்மானம். இரண்டு, ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் ஆதார், வங்கிக் கணக்குப் பெயர்ச் சரிபார்ப்பு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வெல்டர், வர்க்கி என்ற மொறுமொறு தின்பண்டம் போடும் பேக்கரி மாஸ்டர், லேப் டெக்னீஷியன், நர்ஸ், கணக்கர் யாராக இருந்தாலும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை தர முடியுமென்றால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். பஸ் கட்டணமும் ஒரு சிறு தொகையும் தருகிறோம். சால்வை கிடையாது.