ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளை?

திருகோணமலைப் பக்கம் எந்தப் பாடசாலையில் கணினி அறை திறந்தாலும் நாடா வெட்டுகிற படத்தோடு எத்தனை கணினி வந்தது என்றுதான் பதிவு போடுகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்புகிறார்கள், நல்ல விசயம். ஆனால் ஒரு பிள்ளையின் கை வாரத்தில் எத்தனை நிமிடம் அந்த விசைப்பலகையில் படுகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா?

பாடவேளை 40 நிமிடம். வகுப்பை வரிசையாகக் கூட்டிப்போய், சப்பாத்தைக் கழற்ற வைத்து, கணினி இயங்கி வருவதற்குள் 10 நிமிடம் போய்விடும். மிச்சம் 30. ஒரு கணினிக்கு ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 6 நிமிடம், அதுவும் ஒழுங்காக மாறி மாறி இருந்தால். எங்கே மாறுகிறார்கள்? வீட்டில் லப்டொப் இருக்கிற பிள்ளை மௌஸைப் பிடித்தால் விடாது, ஓரத்தில் இருக்கிறது கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கத் தொடங்கிவிடும். உப்புவெளிக் கரையில் நின்று பார்த்தே நீந்தப் பழகிய ஆள் உண்டா?

உடனே சிலர் 1999இல் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா டில்லி கல்காஜியில் சுவரில் கணினி பதித்து வைத்த கதையைச் சொல்வார்கள், பிள்ளைகள் கூட்டமாக நின்று தாங்களே கற்றுக்கொண்டார்களே என்று. சரி, ஆனால் அங்கே பாடவேளை முடிந்தது என்று யாரும் மணி அடிக்கவில்லை. இன்றைக்கு இடம் கிடைக்காத பிள்ளை நாளைக்கும் வரலாம். எங்கள் பிள்ளைக்கு அடுத்த வாரம்தான், அதுவும் அன்றைக்கு விளையாட்டுப் போட்டி, கூட்டம் என்று ஏதும் வராவிட்டால்.

என்னைக் கேட்டால், பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுகிற ஸ்கிராட்ச் மாதிரி யோசித்துச் செய்கிற வேலைக்கு ஒரு கணினிக்கு இரண்டு பேர் நல்லது. ஒருவர் செய்ய மற்றவர் பிழை பார்ப்பார், பிறகு இடம் மாறுவார்கள். மென்பொருள் கம்பனிகளிலேயே பெரியவர்கள் இப்படி இருவராக இருந்து எழுதுகிறார்கள். மூன்றாவது ஆள் வந்தால் அவருக்கு வேலை இல்லை. தட்டச்சுக்கு மட்டும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். சனிக்கிழமை ரியூசனில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தால் போதும் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. கடைசி அரை மணித்தியாலம் பிள்ளை என்ன செய்கிறது என்று பின்னால் நின்று பாருங்கள், கேம்தான். அதே நேரத்தை நாளுக்கு 20 நிமிடமாகப் பிரித்துக் கொடுத்தால் மனதில் நிற்கும். இடைவெளி விட்டுப் படிப்பது பற்றி ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே எழுதிவிட்டார், நாங்கள் இன்னும் சனிக்கிழமையை விடவில்லை.

புதுக் கணினி வாங்காமலே செய்யலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கணினியில் இருக்கும்போது மறுபாதிக்குத் தாளில் வேலை கொடுக்கலாம். பள்ளி விட்ட பிறகு அறையைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம். அதற்குத் திறப்பு யாரிடம் இருப்பது, ஒரு மௌஸ் உடைந்தால் யார் பொறுப்பு என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. காசு அனுப்புகிறவர்கள் அடுத்த முறை கணினிக்குப் பதிலாக, பின்னேரம் அந்த அறையில் இருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்கலாமே.