பத்தொன்பதோடு நின்றது நல்லதாம்!

“நல்லவேளை, ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். இழுத்திருந்தால் கெடுத்திருப்பார்கள்.”

‘மை சோ-கால்ட் லைஃப்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர்கள் அந்தத் தொடரை வெறுப்பவர்கள் அல்லர். தலைமேல் வைத்துக் கொண்டாடுபவர்கள். அதுதான் எனக்கு எரிச்சல். பிடிக்காதவர்கள் ‘ஒழிந்தது’ என்றால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பிடித்தவர்களே துக்க வீட்டுக்கு வந்து ‘போனதும் நல்லதுக்குத்தான்’ என்று பேசினால் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது?

இந்தக் கோடை விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருந்தாள். பதினாறு வயது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த டிவிடி பெட்டியை அவள்தான் எடுத்தாள். 2007இல் ஷவுட் ஃபேக்டரி வெளியிட்ட தொகுப்பு அது. பார்க்கிறாயா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பார்த்திருக்க மாட்டாள். நான்கு நாளில் பத்தொன்பது அத்தியாயங்களும் முடிந்தன. கடைசிக் காட்சி முடிந்து திரை இருண்டதும், “அடுத்தது எங்கே சித்தி?” என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். அவ்வளவுதான் என்றேன். நம்பவில்லை. நான் ஒரு தட்டைத் தொலைத்துவிட்டு மழுப்புகிறேன் என்றே நினைத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிவை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

தெரியாதவர்களுக்காக: 1994 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. வின்னி ஹோல்ஸ்மன் உருவாக்கிய தொடர். பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டிய ஒரு கற்பனைப் புறநகரில் ஏஞ்சலா சேஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்கிறாள், சிறுவயதுத் தோழி ஷாரனை விட்டுவிட்டு ரேயன், ரிக்கி என்ற இருவரோடு சேர்கிறாள், பள்ளித் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நிற்கும் ஜோர்டன் கேட்டலானோவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிரையன் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கதை என்று சொன்னால் இவ்வளவுதான்.

இதற்கு முன்பு அங்கே பதின்வயதுத் தொடர்கள் இல்லாமல் இல்லை. ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ 1990 முதலே வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் பள்ளி மாணவர்களாக வந்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். ஒருவருக்கு முப்பதை நெருங்கிய வயது. ஏஞ்சலாவாக நடித்த கிளேர் டேன்ஸுக்கு முதல் அத்தியாயம் படமானபோது வயது 13. அழும்போது அவர் முகம் கோணும், மூக்கு சிவக்கும், வாய் ஒருபக்கம் இழுக்கும். அழகாக அழத் தெரியாத ஒரு பெண்ணைத் தொலைக்காட்சியில் பார்ப்பது அப்போது அபூர்வம். இப்போதும் அப்படியொன்றும் மலிந்துவிடவில்லை.

அந்த வயதால் இன்னொன்றும் நடந்தது. சிறுவர்களை இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறதே! ஏஞ்சலாவை எல்லாக் காட்சிகளிலும் நிறுத்த முடியாததால், மற்றவர்களின் கதைகளை எழுதியாக வேண்டியிருந்தது. அம்மா பேட்டி, அப்பா கிரஹாம், அவர்களுடைய களைத்துப்போன திருமணம் எல்லாம் அப்படி வளர்ந்தவை. “பெரியவர்கள் பகுதி இழுவை, தாண்டிவிடலாம்” என்று என் அக்கா மகள் தொலையியக்கியை எடுத்தாள். இந்தக் குற்றச்சாட்டையும் பழைய பார்வையாளர்கள் நிறையவே சொன்னார்கள். எனக்கும் இருபதுகளில் அப்படித்தான் இருந்தது. இப்போது கிரஹாம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதைப் பார்த்தால், எங்கள் தெருவிலேயே நான்கு கிரஹாம்கள் நினைவுக்கு வருகிறார்கள். தொலையியக்கியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

சரி, ஏன் நின்றது? வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அதைப் போட்டார்கள். எதிரே என்பிசியில் ‘மேட் அபௌட் யூ’, எட்டரைக்கு அந்த ஆண்டுதான் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்’. வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி என்றால் அந்த நேரத்தில் அது யார் கையில் இருக்கும்? ஏஞ்சலாவைத் தேடிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவள் வயதுப் பெண்கள். விளம்பரக்காரர்கள் அப்போது குறிவைத்தது 18 முதல் 49 வயதுவரை உள்ளவர்களை. அதாவது எந்தப் பெண்களைப் பற்றிய தொடரோ, அந்த வயதுப் பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1995 ஜனவரி 21 அன்று கிளேர் டேன்ஸுக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. ஐந்து நாள் கழித்து, 26ஆம் தேதி, கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானது. பிறகு எம்டிவி மறு ஒளிபரப்பு செய்ததும் ஊரே பார்த்தது. நம் வழக்கத்தில் சொன்னால், பந்தி முடிந்த பிறகு இலை போட்டார்கள்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ‘ஆபரேஷன் லைஃப் சப்போர்ட்’ என்று பெயர் வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே கணினிகள் முனகிக்கொண்டே இணைந்த அந்தக் காலத்தில், இணையம் வழியாக ஆள் திரட்டிக் கடிதங்களை அனுப்பவைத்தார்கள். ஒரு தொடரைக் காப்பாற்ற இணையத்தில் கூடிய முதல் கூட்டங்களில் ஒன்று அது. பலிக்கவில்லை. நாயகிக்கே தொடர விருப்பம் குறைவு, அவர் திரைப்படங்களுக்குப் போக நினைக்கிறார் என்ற பேச்சு கிளம்பியதும் ரசிகர்களில் ஒரு சாரார் கோபத்தை அந்தப் பெண்மீது திருப்பினார்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் மனக்குழப்பத்தை மதிக்கச் சொல்லும் தொடரைப் பார்த்துவிட்டு, நிஜத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண் குழம்பியதும் கல்லெறிந்தார்கள். என்ன சொல்வது?

இனி ஜோர்டனா, பிரையனா சண்டைக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாக ஓயாத சண்டை. படித்த, பொறுப்பான, என் வயது ஆட்கள் பெரும்பாலும் பிரையன் கட்சி. ‘பாவம், நல்ல பையன், உண்மையாக நேசித்தான், அவளுக்குத்தான் கண் தெரியவில்லை’ என்பது வாதம். என் வீட்டில் இருந்த கட்சி வேறு. “எப்போது பார்த்தாலும் சைக்கிளில் அவள் வீட்டையே சுற்றுகிறானே, அவனுக்கு வீட்டுப்பாடம் கிடையாதா?” என்று அக்கா மகள் முதல் நாளே கேட்டுவிட்டாள்.

நான் பிரையனை வெறுக்கவில்லை. ஆனால் ‘நல்ல பையன்’ பட்டத்தைக் கொடுப்பதற்கு முன் பதினொன்றாவது அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஓர் அத்தியாயத்தில் கதை சொல்லும் மனக்குரல் வழக்கம்போல ஏஞ்சலாவுடையது அல்ல, பிரையனுடையது. டிலியா என்ற பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. பள்ளி நடன விழாவுக்கு அவளோடு போவதாக ஒப்புக்கொள்கிறான். ஏஞ்சலா பக்கம் ஒரு வாய்ப்புத் தெரிந்ததும் டிலியாவைக் கழற்றிவிடுகிறான். தன்னை ஏஞ்சலா எப்படிப் பொருட்படுத்தாமல் விடுகிறாளோ, அதைவிட மோசமாக இன்னொருத்தியை விடுகிறான். அது அவன் குரலிலேயே, அவன் நியாயங்களோடு நமக்குச் சொல்லப்படுகிறது. எழுதியவர்கள் அவனைத் தப்பவிடவில்லை. தப்பவிட்டது பார்த்தவர்கள்தான்.

அதற்கு அடுத்த அத்தியாயமே ஜோர்டனுக்கு. தனியாக இருக்கும்போது கொதிகலன் அறையில் முத்தமிடுகிறான், தாழ்வாரத்தில் பார்த்தால் யாரோ போல நடந்துகொள்கிறான். அவர்கள் வகுப்பில் ஆங்கில ஆசிரியர் கட்டிம்ஸ்கி ஷேக்ஸ்பியரின் 130ஆவது ஈரேழ்வரிப்பாவை (சானெட்) நடத்துகிறார்; காதலியின் கண் சூரியன் மாதிரி இல்லை, கூந்தல் கம்பிபோல் இருக்கிறது என்று குறைகளை அடுக்கும் கவிதை. குறைகளோடுதான் அவளை நேசிக்கிறான் என்று பிரையன் விளக்குகிறான். சரியாக வாசிக்க வராத ஜோர்டன் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். முடிவில் எல்லார் முன்னாலும் தாழ்வாரத்தில் வந்து ஏஞ்சலாவின் கையைப் பிடிக்கிறான். அதாவது கவிதை புரிந்தது ஒருவனுக்கு. அதைச் செய்துகாட்டியது இன்னொருவன். இதை வைத்துக்கொண்டு எந்தக் கட்சியில் சேர்வது? (அக்கா மகள் ஜோர்டன் கட்சியில் உறுதியாக நின்றாள். பதினேழாவது அத்தியாயத்தில் ரேயனும் ஜோர்டனும் செய்த துரோகத்தைப் பார்த்துவிட்டு அரை நாள் அவன் பேரையே சொல்லவில்லை. மறுநாள் மன்னித்துவிட்டாள். ரேயனை மன்னிக்கவில்லை. அது ஏன் என்று கேட்டேன், முறைத்தாள்.)

இப்போது அந்த ‘நல்லவேளை’க்கு வருகிறேன். அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பள்ளித் தொடர்கள் கல்லூரிக்குப் போனதும் சோபை இழப்பது வழக்கம். கடைசிக் காட்சியும் அழகானதுதான். ஜோர்டன் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை உண்மையில் எழுதியவன் பிரையன் என்று ஏஞ்சலாவுக்குத் தெருவிலேயே புரிகிறது. அவள் ஜோர்டனின் காரில் ஏறிப் போகிறாள். திரும்பிப் பிரையனைப் பார்க்கிறாள். பிரையன் சைக்கிளோடு நிற்கிறான். ‘இதற்குமேல் என்ன வேண்டும்?’ என்கிறார்கள். காதல் கதை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்றும் வேண்டாம்.

எனக்கு ரிக்கி வேண்டும்.

ரிக்கி வாஸ்கெஸ் கண்ணுக்கு மையிட்டுக்கொள்கிறவன். பள்ளியில் பெண்கள் கழிவறைதான் அவனுக்குப் பாதுகாப்பான இடம். அவனாக நடித்த வில்சன் குரூஸ், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அப்படிப்பட்ட முக்கியப் பாத்திரத்தில் நடித்த முதல் நடிகர் என்று சொல்லப்படுபவர். கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் ரிக்கி வீட்டில் அடிபட்டு, முகத்தில் காயத்தோடு, பனியில் போக இடமில்லாமல் அலைகிறான். வில்சன் குரூஸின் வாழ்க்கையிலும் இது நடந்திருக்கிறது. உண்மையைச் சொன்னதும் அப்பா அவரைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டைவிட்டு வெளியேற்றினார். சில காலம் காரில் தூங்கியிருக்கிறார். இந்த அத்தியாயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் அப்பா அவரோடு மறுபடி பேசினார். இதை நடிகரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கட்டிம்ஸ்கி வாத்தியார்தான் கடைசியில் ரிக்கிக்கு வீட்டில் இடம் கொடுக்கிறார். அவரும் தன்பாலீர்ப்பாளர், துணையோடு வாழ்கிறவர். ஒரு மாணவனை வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும் என்று தெரிந்தும் தயங்கித் தயங்கிக் கதவைத் திறக்கிறார். அந்த வீட்டில் ரிக்கி என்ன சாப்பிட்டான், எங்கே படித்தான், எப்போது முதல்முறை கோபித்துக்கொண்டான்? ஒன்றும் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் டிலியாவோடு பழகினால் தானும் ‘சரியாகி’விடலாம் என்று ஓர் அசட்டு நம்பிக்கையோடு அவளிடம் போகிறான். ஆம், பிரையன் விட்டுவிட்டுப் போன அதே டிலியா. அவள் நேராகவே கேட்டுவிடுகிறாள். ஆமாம் என்கிறான். அதை வாய்விட்டுச் சொல்வது அவனுக்கு அதுவே முதல்முறை.

முதல்முறை சொன்ன இடத்தில் கதை முடிகிறது. சொன்ன பிறகு வரும் திங்கட்கிழமைதானே கடினம்? காரில் ஏறிப் போகும் ஏஞ்சலாவுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் ஊகித்துக்கொள்வேன். ஆயிரம் தொடர்கள் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. 1995இல் ஒரு ரிக்கி பதினேழு, பதினெட்டு வயதில் எப்படி இருந்திருப்பான் என்று ஊகிக்க எந்தத் தொடரும் என்னைப் பழக்கவில்லை. ஒருவேளை அடுத்த சீசன் மோசமாகவே இருந்திருக்கட்டும். ஜோர்டனைச் சலிக்கச் சலிக்கக் காட்டியிருக்கட்டும், கிரஹாமின் உணவகக் கதையை இழு இழு என்று இழுத்திருக்கட்டும். ரிக்கிக்கு நான்கு சுமாரான காட்சிகள் கிடைத்திருந்தாலும் எனக்குப் போதும். வெளியே பனியில் நின்றவனுக்கு இப்போதுதான் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. ‘இந்த இடத்தில் நிறுத்தினால்தான் அழகு’ என்று அவனிடம் போய்ச் சொல்ல முடியுமா?

வின்னி ஹோல்ஸ்மன் பின்னாளில் ‘விக்கெட்’ (Wicked) இசை நாடகத்தின் கதை வசனத்தை எழுதி உலகப் புகழ் பெற்றார். மகிழ்ச்சி. ஆனால் எனக்கு அவர்மேல் ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு போகவில்லை. அக்கா மகள் ஊருக்குக் கிளம்பும்போது அந்த டிவிடி பெட்டியையும் பையில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் அதை ஓட்ட டிவிடி பிளேயர் கிடையாது. நினைவூட்டினேன். “இருக்கட்டும் சித்தி” என்றாள்.

பிரையனுக்காக வாதாடக் கீழே வருபவர்கள் வரலாம். முதலில் டிலியாவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு ஆரம்பிக்கவும்.