இன்வெர்ட்டர் பேட்டரியில ஏசி தண்ணியை ஊத்திட்டு கம்பெனியைத் திட்டுறவங்களுக்கு

"அஞ்சு வருஷ வாரண்டின்னு சொன்னான், ரெண்டு வருஷத்துல படுத்துடுச்சு, எல்லாம் திருட்டுப் பயலுங்க." இன்வெர்ட்டர் பேட்டரி செத்த வீட்டுல எல்லாம் இதே ஒப்பாரிதான். சரிங்க, கடைசியா எப்போ மூடியைத் திறந்து பார்த்தீங்க? அங்கதான் பேச்சு நின்னுபோகுது.

"இப்பெல்லாம் கரண்டே போறதில்லையே, அதான் பார்க்கலை"ன்னு ஒரு சமாளிப்பு வேற. அடப்பாவிங்களா, கரண்ட் போகலைன்னாலும் பார்க்கணும்! 2012-ல சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாம கிடந்தப்போ பேட்டரி இறங்கி ஏறி வேலை செஞ்சுது. இப்போ வருஷம் முழுக்க சார்ஜ்லயே தொங்குது. சார்ஜ் ஏற ஏற தண்ணி ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சு போகுது, ஆசிட் உள்ளேயே தங்குது. மட்டம் இறங்கி, ஆசிட்ல மூழ்கி நிக்க வேண்டிய ஈய பிளேட்டோட தலை வெளியே தெரிஞ்சா அந்தப் பகுதி போனது போனதுதான். அதுவும் ட்யூபுலர், அதான் குழாய் மாதிரி பிளேட் வச்ச இன்வெர்ட்டர் பேட்டரி, உயரமான ஆளு. சும்மாவே நின்னா கனமான ஆசிட் அடியில தேங்கிடும், மேல வெறும் தண்ணி மாதிரி இருக்கும். மாசம் ஒருதடவை மெயினை ஆஃப் பண்ணி ஒரு ரெண்டு மணி நேரம் பேட்டரியில ஓட்டிட்டு, அப்புறம் முழுசா சார்ஜ் ஏற விடுங்க. இதுக்குக் கூடவா ஆள் கூப்பிடணும்?

தண்ணி விஷயத்துக்கு வருவோம், வயிறு எரியுறதே அங்கதான். 15,000 ரூபாய்க்கு மேல கொடுத்து வாங்கின சாமானுக்கு ஏசி பைப்புல சொட்டுற தண்ணியை பக்கெட்ல பிடிச்சு ஊத்துறாங்க. "அதுவும் ஆவியில வந்த தண்ணிதானே"ன்னு விஞ்ஞானம் வேற. காயில்ல படிஞ்ச தூசி, பாசி, உலோகத் துணுக்கு எல்லாத்தையும் கழுவிக்கிட்டு வர்ற தண்ணிங்க அது. ஆர்ஓ தண்ணியிலயும் உப்பு மிச்சம் இருக்கு. குளோரைடும் இரும்பும் உள்ளே போனா பிளேட்டை அரிக்கும், பேட்டரி தானாவே இறங்கும். உப்பெல்லாம் நீக்கி பேட்டரிக்குன்னே விக்குற டிஎம் வாட்டர் ஒரு கேன் வாங்குற காசு ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடுற காசு கூட வராது.

ஊத்துறதுலயும் முறை இருக்கு. சார்ஜ் முழுசா ஏறினப்புறம் ஊத்தணும், ஏன்னா ஏறும்போது மட்டம் உயரும். முன்னாடியே விளிம்பு வரை ஊத்தினா ஆசிட் பொங்கி டெர்மினல்ல வழியும், அப்புறம் பச்சை பூத்துக் கிடக்கும். பிளேட் வெளியே தெரிஞ்சா மட்டும் அது மூழ்குற அளவுக்கு முதல்ல ஊத்திட்டு, மிச்சத்தை சார்ஜுக்கு அப்புறம். மிதவைக் குச்சியில பச்சைக் கோடு வந்தா போதும். எக்காரணம் கொண்டும் ஆசிட் ஊத்தாதீங்க. "ஆசிட் மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும்"னு சொல்றவனை வாசலோட அனுப்பிடுங்க.

யூடியூப் நிபுணர்கள் இன்னொரு கூட்டம். "12.7 வோல்ட் வரலை, பேட்டரி டூப்ளிகேட்." ஐயா, அது கார் பேட்டரி கணக்கு, அதுல ஆசிட் அடர்த்தி (தண்ணியை 1-ன்னு வச்சா) 1.280 பக்கம். இன்வெர்ட்டர் ட்யூபுலர்ல 1.240 பக்கம்தான், அதனால சார்ஜைக் கழட்டி சில மணி நேரம் ஆறவிட்டா 12.5 காட்டினாலே முழுசு. அந்த அடர்த்தியை அளக்குற ஹைட்ரோமீட்டர் சில நூறு ரூபாய்தான். பேட்டரிக்குள்ள தனித்தனி அறையா இருக்கிற ஆறு செல்லையும் பாருங்க, ஒண்ணு மட்டும் மத்ததைவிட 0.050 குறைவா நின்னா அந்த செல்தான் குற்றவாளி. தண்ணி ஊத்தின கையோட பார்க்காதீங்க, மேல நிக்குற தண்ணி பொய் சொல்லும்.

பேக்கப் வரலைன்னு கத்துறது தனி ராகம். 150 ஏஎச்னா, அதாவது 150 ஆம்பியர் அவர்னா, 12 வோல்ட்டுக்கு 1,800 வாட் அவர். அந்த 150-உம் 20 மணி நேரத்துல 7.5 ஆம்பியரா மெதுவா இழுத்தாதான். 75 வாட் ஃபேன் நாலு போட்டா இன்வெர்ட்டர் நஷ்டத்தோட 30 ஆம்பியர் இழுக்குது, மூன்றரை மணி நேரம் வந்தாலே பெருசு. இதுல ஃபிரிட்ஜையும் அந்த லைன்ல சேர்த்துட்டு...

இன்வெர்ட்டர் பின்னாடி பேட்டரி வகைக்கு ஒரு சுவிட்ச் இருந்தா, மாட்ட வர்ற பையன் அதைத் தொடுறதே இல்லை. ட்யூபுலருக்கு, தண்ணியே ஊத்த வேண்டாத சீல்டு பேட்டரியோட செட்டிங் வச்சா என்னைக்கும் முழுசா ஏறாது. ரெண்டு பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் செட்ல ஒண்ணு செத்தா ஒண்ணை மட்டும் புதுசா மாட்டிட்டும் போயிடுறாங்க. பழசு சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் நிரம்பும். வோல்ட்டை ரெண்டும் சமமா பங்கு போடாததால புதுசும் சேர்ந்து கெடும்.

கடைசியா, லீவுக்கு ஊருக்குப் போறவங்க. மெயினை மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் பூட்டிடுறீங்க. இன்வெர்ட்டர் என்ன நினைக்கும்? கரண்ட் போச்சுன்னு நினைச்சு ஆன் ஆகும். ஒரு லைட் எரியலைன்னாலும் தன் செலவுக்கு ஒரு ஆம்பியர் பக்கம் தின்னுக்கிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு 24 ஏஎச். ஒரு வாரத்துல காலி. மிச்ச நாளெல்லாம் காலியாவே கிடந்து, பிளேட்ல படிஞ்ச சல்ஃபேட் உப்பு கல்லா இறுகிடும். முன்பக்க பட்டனையும் ஆஃப் பண்ணி, நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. கழட்டுறப்போ நெகட்டிவ் முதல்ல, மாட்டுறப்போ நெகட்டிவ் கடைசியில.