ஞாயிறு விடியக்காலை 4 மணி யாருக்கு வசதி?

சர்வர் பார்க்கிற நம்மாட்கள், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரான் என்ற புரோகிராமுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வரி ஒன்று உண்டு. 0 4 * * 0. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசை: ஞாயிறு விடியக்காலை 4 மணிக்கு ரீபூட், அதாவது மெஷினை அணைத்துத் திரும்ப எழுப்புவது. யாரும் வேலை செய்யாத நேரம், யாருக்கும் தொந்தரவில்லை என்று கணக்கு. நானும் வருஷக்கணக்காக இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால், இதைவிட மோசமான நேரம் கிடையாது என்பேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடை. நம்ம ஹார்டுவேர் இல்லை. ஆணி, பெயின்ட், பைப். பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுவது பின்னறையில் இருக்கும் உபுண்டு மெஷினில். உபுண்டு என்பது லினக்ஸில் ஒரு வகை. ஒரு ஞாயிறு காலை, பாண்டி பெரிய மார்க்கெட்டில் சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், கடைக்காரர் போன். "தம்பி, பில்லே வரல. டிவி பொட்டில கருப்பா என்னமோ எழுதியிருக்கு." மானிட்டர் அவருக்கு எப்போதும் டிவி பொட்டிதான். எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னால், "அதெல்லாம் எனக்கு ஆவாது, நீ வா" என்றார். மீனை வீட்டில் போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது பத்தரை. மெஷினின் பின்பக்கம் ஒரு பென்டிரைவ். யாரோ பாட்டு ஏற்றச் சொருகியது. மெஷின் எழும்போது எந்த டிஸ்கை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பயாஸில் யூஎஸ்பியை முதலில் வைத்தவன் நான்தான். 4 மணிக்கு ரீபூட் ஆன மெஷின் பென்டிரைவில் லினக்ஸைத் தேடி, காணோம் என்று எழுதிவிட்டு, ஆறரை மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறது. பிடுங்கினேன், வந்துவிட்டது.

யாரும் வேலை செய்யாத நேரம் என்றால், விழுந்தால் தூக்கிவிடவும் யாரும் இல்லாத நேரம். அன்றுதான் இது உறைத்தது.

சரி, ரீபூட்டே எதற்கு? அந்தக் கடையில் நான் அதைப் போட்டது, பில்லிங் சாஃப்ட்வேர் மெமரியைத் தின்றுகொண்டே போனதால். வாரம் ஒருமுறை ரீபூட் செய்தால் ஏழு நாள் தாங்கும். காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட கதை. அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும், லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் மெமரி வரம்பு வைத்து, செத்தால் தானே எழும்படி செய்திருந்தால் போதும். மொத்த மெஷினையும் போட்டு உலுக்கியிருக்க வேண்டாம். ரீபூட் நிஜமாகத் தேவைப்படுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்கு. புதுக் கெர்னல் டிஸ்கில் வந்து உட்கார்ந்திருக்கும், ஓடுவது என்னவோ பழையதுதான். டெபியன், உபுண்டுவில் அப்போது /வார்/ரன் அடியில் 'ரீபூட் ரெக்வயர்ட்' என்று ஒரு ஃபைல் முளைக்கும். அது இருந்தால் மட்டும் ரீபூட் செய்ய ஸ்கிரிப்டில் ஒரே ஒரு 'இஃப்' போதும். எத்தனை பேர் போடுகிறோம்?

"400 நாள் அப்டைம்", அதாவது மெஷின் ஒருமுறைகூட அணையாமல் ஓடுகிறது என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு பயம்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, நான் பார்க்கும் ஒரு மெஷின் கரன்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்து அணைந்தது. கரன்ட் வந்ததும் சமர்த்தாக எழுந்துகொண்டது. ஆனால் பேக்கப் டிஸ்கை எப்போதோ கையால் மவுன்ட் செய்தவன் (ஒரு ஃபோல்டரோடு இணைத்தவன்), மெஷின் எழும்போது தானே இணைக்கச் சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுத மறந்திருந்தேன். டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டரில் பேக்கப் தினமும் விழுந்து விழுந்து, மெயின் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்ற பிறகுதான் தெரிந்தது. நாமே ஒருமுறை ரீபூட் செய்து பார்த்திருந்தால் வெயில் நாளிலேயே மாட்டியிருக்கும்.

கிரான் பாவம், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. லினக்ஸில் நாம் தொடுவது பெரும்பாலும் பால் விக்ஸி 1987-ல் எழுதியதன் வாரிசு. ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு என்று நினைத்து 0 4 1-7 * 0 போட்டால், தேதியோ கிழமையோ எது பொருந்தினாலும் ஓடும்: முதல் ஏழு நாளும், போதாததற்கு எல்லா ஞாயிறும். வெறும் 'ரீபூட்' என்று எழுதினால், கட்டளைகளைத் தேட கிரான் வைத்திருக்கும் குட்டி ஃபோல்டர் பட்டியலில் (பாத்) ரீபூட் இருக்கும் எஸ்பின் ஃபோல்டர் இல்லாமல் கட்டளையே கிடைக்காமல் போகலாம்; முழுப் பாதை எழுதுங்கள். இணையம் வழி வாடகைக்கு எடுக்கும் கிளவுட் மெஷின் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், அங்கே 4 மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை.

24 மணி நேரமும் ஓட வேண்டிய இடத்தில் இரண்டு மெஷின் வைத்து ஒவ்வொன்றாகச் செய்வார்கள், அது வேறு கதை. ஒற்றை மெஷின் கடைக்கு நான் இப்போது போட்டிருப்பது 20 8 * * 2. செவ்வாய் காலை 8:20. ஷட்டரைத் தூக்கிக் கூட்டிப் பெருக்கப் பையன் எட்டேகாலுக்கு வந்துவிடுவான், வியாபாரம் 9 மணிக்குத்தான். ஷட்டவுன் கட்டளைக்கு ஐந்து நிமிட அவகாசம் கொடுத்திருப்பதால் வேண்டாமென்றால் நிறுத்தவும் முடியும். எட்டரைக்கு அவன் பில்லிங் ஸ்கிரீனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். போன வாரம் போட்டோவின் ஓரத்தில் இன்னொரு பென்டிரைவ் தெரிந்தது. பயாஸை மாற்றிவிட்டதால் மெஷின் கண்டுகொள்ளவில்லை. "யாருதுடா?" என்று கேட்டேன். "முதலாளியோடதுண்ணா" என்றான்.