அந்த 41 விநாடிகளுக்குப் பிறகு

அந்தக் காணொளியை நான் இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. நான்கு நாள்களாக அது ஓடாத கைப்பேசி இல்லை; பார்க்காமல் தப்பித்தவர்கள் இருந்தால் அவர்கள் அப்படியே இருக்கட்டும். குளக்கரையில் நிற்கும் ஒரு பயிற்சி மாணவியிடம், கோரைத்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் எதையோ காட்டி, "அக்கா, இது என்னது?" என்று ஒரு சிறுவன் கேட்கிறான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலையே" என்கிறார். அவ்வளவுதான், 41 விநாடி. அதற்குக் கீழே "இதுக்கு ஒரு முதுகலைப் பட்டம் வேறு" என்று ஒரு வரியைச் சேர்த்து யாரோ உலவ விட்டார்; மற்றதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டீர்கள்.

அந்த மாணவிக்குச் சூழலியல் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் துப்பறிந்து கண்டுபிடித்ததைப் போல எழுதிச் சிரமப்பட வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னூட்டங்களில் பெரும்பாலோர் அவரை "அவள்" என்றே எழுதியிருக்கிறீர்கள். நான் "அவர்" என்றுதான் எழுதுவேன். வகுப்பிலும் அப்படித்தான் பேசுகிறேன்.

அன்று நான் பத்தடி பின்னால் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 22 குழந்தைகள், எல்லோரும் எட்டு ஒன்பது வயதுக்காரர்கள். ஆகவே 42ஆவது விநாடியிலிருந்து நடந்தது எனக்குத் தெரியும். "எனக்குத் தெரியலையே" என்றவர் அடுத்து, "கிட்டப் போய்ப் பார்ப்போமா? முதல்ல கண்ணால மட்டும், கை வேண்டாம்" என்றார். குழந்தைகள் முழங்காலிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறு கால் இருக்கிறது என்றான் ஒருவன். கண் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குள் ஒன்றுமில்லை என்றாள் ஒரு சிறுமி. முதுகில் ஒரு கிழிசல் இருப்பதையும், அந்தக் கிழிசலிலிருந்து நூல் போல வெள்ளையாக ஏதோ தொங்குவதையும் இன்னொருத்தி கண்டுபிடித்தாள். "செத்துப் போச்சு" என்று ஒரு குரல் தீர்ப்பளித்தது. அப்போது அந்த மாணவி, "செத்திருந்தா உள்ளே என்ன இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாயை மூடிக்கொண்டதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் குழந்தைகளின் பதில்கள் நீள்வதையும், பேசாத குழந்தைகள்கூடப் பேசத் தொடங்குவதையும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறைகளைப் பதிவுசெய்து காட்டியிருக்கிறார். கேட்பதற்கு எளிது. 22 முகங்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று விநாடி சும்மா நின்று பாருங்கள், தெரியும். அன்று நான் மனத்துக்குள் எண்ணினேன். ஏழு வரை வந்தது. எட்டாவதில் ஒரு சிறுவன் ஏறக்குறையக் கத்தினான்: "இது சட்டை! பாம்பு சட்டை உரிக்குமே, அது மாதிரி. உள்ளே இருந்தது எழுந்து போயிடுச்சு!" "எங்கே போயிருக்கும்?" என்றார் அவர். பாதிப் பேர் தண்ணீரைப் பார்த்தார்கள், பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தவர்களின் தலைக்கு மேல் தட்டான்கள் பறந்துகொண்டிருந்தன. அந்த ஒரே கோரைத்தண்டின் முன்னால் அவர்கள் இருந்தது 19 நிமிடம்.

அது தட்டானின் கடைசிச் சட்டை. நீருக்கடியில், சில இனங்களில் ஆண்டுக்கணக்காகவும், தலைப்பிரட்டைகளைப் பிடித்துத் தின்று வாழ்ந்த பூச்சி ஒருநாள் தண்டில் ஏறி, முதுகு பிளந்து, இறக்கையோடு வெளியேறிவிட்டது. அந்த வெள்ளை நூல்கள் அதன் மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. இதை அந்த மாணவி அன்று மாலை குழந்தைகளோடு சேர்ந்து கையேட்டைப் புரட்டித்தான் கற்றுக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாதது போல நடித்து உத்தி காட்டினார் என்று சொல்லி அவரை நான் காப்பாற்றப் போவதில்லை. இளங்கலையில் அவர் படித்தது இலைமட்கில் வாழும் உயிர்களைப் பற்றி, குளத்து உயிர்களைப் பற்றியல்ல. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். மறுபடியும் சொல்கிறேன், அதுதான் பயிற்சி. தெரியாது என்று சொன்னபின் என்ன செய்வது என்பதற்குத்தான் இரண்டு ஆண்டு படிக்கிறார்கள்.

தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "இது தட்டான் உரிச்ச தோல், கண்ணா" என்று நான்கு விநாடியில் பதில் வந்திருக்கும். குழந்தை தலையாட்டிவிட்டு அடுத்ததைக் காட்டி "அது என்னது?" என்று கேட்டிருப்பான். இந்தக் காட்சி எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அதை நடத்தியிருக்கிறேன்.

நான் மாணவியாக இருந்தபோது முதல் இயற்கை நடைக்கு முந்தைய இரவு 26 மரங்களின் அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்தேன். மறுநாள் அந்த 26ஐயும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். நடுவில் ஒரு சிறுவன் உட்கார்ந்து, எறும்புகள் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை தங்கள் கூட்டுப்புழுக்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தன; அந்த நாளில் அங்கே நடந்த ஆகப் பெரிய நிகழ்ச்சி அதுதான். நான் அவனைப் பார்த்து, "தம்பி, இங்கே கவனி" என்றேன். எழுந்து வந்தான், பாவம். நடை முடிந்ததும் என் மேற்பார்வை ஆசிரியை ஒன்றும் பேசவில்லை; தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். நான் பேசியது 71 நிமிடம், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து பேசியது 4 நிமிடம். அதற்குக் கீழே "எறும்பு" என்று ஒரே ஒரு சொல் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். அன்று என்னை யாராவது படமெடுத்திருந்தால், எவ்வளவு அறிவான பெண் என்று நீங்கள் எல்லோரும் பாராட்டியிருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதெல்லாம் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. இயற்கையைப் பொதுமக்களுக்கு விளக்குபவரின் முதன்மை வேலை பாடம் சொல்வது அன்று, தூண்டிவிடுவது என்று ஃப்ரீமன் டில்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1957லேயே எழுதிவிட்டார். 1977 அக்டோபரில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாடு சூழல் கல்விக்கு வகுத்த குறிக்கோள்கள் ஐந்து: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. அறிவு அந்த ஐந்தில் ஒன்று. தகவலைக் கொட்டினால் மனம் மாறும், மனம் மாறினால் நடத்தை மாறும் என்ற நேர்கோட்டு நம்பிக்கை ஆய்வுகளில் நிற்கவில்லை என்று சூழல் கல்வி ஆய்வாளர்களான ஹங்கர்ஃபோர்டும் வோல்க்கும் 1990இல் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் ஒரு காணொளியின் கீழே கருத்துச் சொல்ல இதையெல்லாம் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பாடம் தெரியவில்லை என்று சிரிக்கப்பட வேண்டியவர் அந்த மாணவி மட்டும்தான்.

"அப்படியானால் ஆசிரியருக்கு அறிவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கேட்கும் தொனிதான் நியாயமானதாக இல்லை. அறிவு வேண்டும். குழந்தைக்கு அறிவதைவிட உணர்வதே பெரிது என்று 1956இல் எழுதிய ரேச்சல் கார்சன், 1932லேயே விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்ற கடல் உயிரியலாளர். நிறையத் தெரிந்தவர்தான் அதைச் சொன்னார். என் மாணவர்களும் சூழலியல் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், தோற்றும் போகிறார்கள். ஆனால் ஒரு குளக்கரையில் கண்ணில் படக்கூடிய எல்லா உயிரின் பெயரையும் அறிந்த ஒரு மனிதர் எங்கும் இல்லை. அப்படி ஒருவர் இருப்பதாக நினைப்பவர்கள் குளக்கரைக்குப் போனதில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

டில்டனே நாவலும் நாடகமும் எழுதிய பத்திரிகையாளர்தானே, அவருக்கு இல்லாத படிப்பு இவர்களுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. படிக்காமலேயே இந்த வேலையை அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நானும் கற்றிருக்கிறேன். சரி, அதை விட்டுவிடுகிறேன்.

"குழந்தைகளோடு விளையாட எதற்குப் பட்டம்?" என்பதை மட்டும் விட முடியாது. நடைக்கு முந்தைய மாலை அந்த மாணவி தனியாக அந்தக் குளத்தைச் சுற்றி வந்தார். கையில் ஒரு கம்பு. கரையோரம் ஒவ்வோர் இடத்திலும் அதைச் சேற்றில் ஊன்றி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா, வழுக்கும் பாறை எது, ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் வண்டி எதுவரை வரும் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருந்தது. சிறுவன் நின்று கேள்வி கேட்ட அந்த இடம், கம்பு நான்கு விரற்கடை மட்டுமே இறங்கிய இடம். அதனால்தான் 22 குழந்தைகளும் அங்கே முழங்காலிட முடிந்தது. இது எந்தக் காணொளியிலும் தெரியாது. ஒன்றும் ஆகாமல் போகிற வேலையை எப்படிப் படமெடுப்பது?

உங்கள் மாணவி என்பதால் பரிந்து பேசுகிறீர்கள் என்று சிலர் எழுதுவார்கள். ஆமாம், பரிந்துதான் பேசுகிறேன். நான் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

முன்பின் தெரியாதவர்களின் சிரிப்பு இரண்டு நாளில் வடிந்துவிடும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைச் சுட்டது வேறொன்று. காணொளியைப் பகிர்ந்தவர்களில் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். பல ஆண்டுகளாக எனக்குத் தெரிந்தவர், என் வகுப்புக்கு வந்து பேசியவர், ஆகவே பெயர் வேண்டாம். "ஆய்வு வராதவர்கள் கல்விக்குப் போகிறார்கள், என்ன செய்வது" என்று எழுதியிருந்தார். அவருடைய திட்டத்தின் நிதி விண்ணப்பத்தில் "பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தல்" என்று ஒரு பகுதி இருந்தது. அதற்காகப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றது, செயல்பாடுகளை வடிவமைத்தது, முன்னும் பின்னும் மதிப்பீடு செய்து அறிக்கை எழுதிக் கொடுத்தது எல்லாம் என் மாணவர்கள். ஊதியம் கிடையாது, "அனுபவம்" கிடைக்கும் என்றார்கள். அறிக்கையின் நன்றியுரையில் அவர்கள் "தன்னார்வலர்கள்" என்று இடம்பெற்றார்கள். அந்தச் சொல்லை நான் அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை, அடுத்த ஆண்டும் இடம் கிடைக்க வேண்டுமே என்று பார்த்தேன். இப்போது எழுதும்போது அவர் மீது வருகிற கோபத்தில் எவ்வளவு என் மீது வருவது என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஒரு கருத்தரங்கில் என்னை "குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுபவர்" என்று மேடையில் அறிமுகப்படுத்தினார்கள். அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பழகியவர்கள்தான் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறோம். படித்து முடித்துப் போகும் மாணவர்களுக்குக் கிடைக்கிற வேலைகளில் பல ஒரு பருவத்துக்கானவை, பருவம் முடிந்தால் முடிந்துவிடும். இருந்தாலும் வருகிறார்கள். ஆண்டுதோறும் ஆறு பேர், எட்டுப் பேர். ஏன் வருகிறாய் என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் சிறு வயதில் யாரோ ஒருவர் கூட உட்கார்ந்து எதையோ காட்டிய ஒரு மாலைப் பொழுதைத்தான் சொல்கிறார்கள். காட்டப்பட்டதன் பெயர் பலருக்கு நினைவில் இல்லை.

அந்தச் சிறுவனின் அம்மா நேற்று என்னிடம் பேசினார். வீட்டில் அவன் எதைப் பார்த்தாலும் "உள்ளே இருந்தது எங்கே போச்சு?" என்று கேட்கிறானாம், முட்டை ஓட்டிலிருந்து காலுறை வரை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு குழு வருகிறது. அந்த மாணவியிடமிருந்து இன்று காலை ஒரு செய்தி வந்திருக்கிறது. இந்த முறை கருவிகளைத் தயார்செய்யும் வேலையை மட்டும் தான் செய்யலாமா, குழந்தைகளோடு வேறு யாராவது போகட்டுமே என்று கேட்டிருக்கிறார். கீழே, அன்று பார்க்காமல் விட்ட குளத்துப் பூச்சிகளின் பெயர்கள் 40ஐ இந்த வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.