பைக்ஸ் பீக்: சாலை அதே சாலை இல்லை

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் நடக்கும் மலையேற்றக் கார் பந்தயத்தில், 1988-ல் ஓட்டுநர் ஆரி வட்டானன் 10:47.22 நிமிடத்தில் ஏறினார், 2018-ல் ரோமன் டூமா 7:57.148 நிமிடத்தில் ஏறினார், சாலை அதேதான், கார் மட்டுமே மாறியது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டு நேரங்களும் சரி. ஆனால் சாலை அதே சாலை இல்லை.

வட்டானன் ஓட்டியபோது பந்தயப் பாதை சரளை மண். சரளை அரித்துப் போய் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தார் போட்டார்கள். முழுவதும் தாராகி நடந்த முதல் பந்தயம் 2012-ல். கார் பெரிதும் முன்னேறியது உண்மைதான். ஆனால் அந்தக் கிட்டத்தட்ட மூன்று நிமிட வித்தியாசத்தை முழுக்கக் காரின் கணக்கில் எழுதுவது அந்தக் கால ஓட்டுநர்களுக்கு நியாயமில்லை.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வட்டானன் பெஜோ 405 காரில் ஏறும் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. எதிர்வெயிலுக்கு ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவார், நம்பவே முடியாது! அப்போது சக்கரங்களுக்குப் பின்னால் எழும் புழுதியைப் பாருங்கள். அப்புறம் டூமாவின் 2018 காணொளியைப் போடுங்கள். கீழிருந்து உச்சிவரை தார்தான்.